பச்சை, மஞ்சள், சிவப்பு, பருப்பு

உமாராணியின் சமையல்கூடத்தில் மூன்று பெரிய அடுப்புகள் இருந்தன. மூன்றும் சேர்ந்து கொதித்தாலும் உமாராணி கொதிக்கிற அளவுக்கு வராது.

"சோறு ஆச்சா?"

"கோழி என்ன ஆச்சு?"

"பருப்பு இறக்கியாச்சா இல்லையா? யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

மலேசியாவின் சுங்கை லாலாங் ஊரில் கடை வரிசையின் கடைசிக் கடைதான் அந்தச் சமையல்கூடம். நிச்சயதார்த்தம், பிறந்தநாள், காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அங்கிருந்துதான் சாப்பாடு போகும். தலைமைச் சமையல் பிச்சையம்மாள். அவருக்குத் துணை தேவகி. உமாராணியின் கணவர் சிவநேசன் வேன் ஓட்டுவார். சட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்குவது அவர் வேலை. உமாராணி முன்னாடியே மண்டபத்துக்குப் போய் மேசை போடுவார். போட்டுக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சமையல்கூடத்துக்குப் போன் அடிப்பார்.

மாவும் எண்ணெயுமாகக் கை இருக்கும்போது போனை எப்படி எடுப்பது? யாரும் எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் உமாராணி இன்னும் பதறுவார். வாராவாரம் இதே கூத்துதான்.

இந்தக் கூத்தை நிறுத்தப்போவதாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவருடைய மகள் காஞ்சனா அறிவித்தாள். காஞ்சனாவுக்குப் பதினொரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கணினி மன்றத்தில் ஆசிரியை ரூத் சொல்லிக்கொடுத்ததை வைத்து, இரண்டு வாரமாக உட்கார்ந்து அவளே ஒன்றைச் செய்திருந்தாள்.

"இதுக்குப் பேரு டேஷ்போர்டு," என்று பழைய டேப்லெட் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"டேஷ்போர்டா?" என்றார் அப்பா. "அது என் வேன்லயே இருக்கேம்மா. மேல பிள்ளையார்கூட உக்காந்திருக்காரு."

"ஐயோ அப்பா, அது இல்ல! இது தகவல் பலகை. இங்க பாருங்க."

திரையில் மூன்று வரிகள் இருந்தன. சோறு, பருப்புக் கறி, கோழி வறுவல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெறும் வட்டம். வட்டத்தைத் தொட்டால் மூன்று நிறங்கள் வரும். வேண்டியதைத் தொட்டால் வட்டம் அந்த நிறமாக மாறிவிடும்.

"சிவப்புன்னா இன்னும் வேகல, தொடாதீங்க. மஞ்சள்னா இன்னும் கொஞ்ச நேரம். பச்சைன்னா ரெடி, வேன்ல ஏத்தலாம். சமையல்கூடத்துல மாத்தினா உங்க ரெண்டு பேரு போன்லயும் உடனே மாறிடும். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேக்கவே வேணாம்."

அப்பா வட்டத்தைத் திறந்து பச்சையைத் தொட்டார். பச்சை ஆனது. மறுபடி திறந்து சிவப்பைத் தொட்டார். சிவப்பு ஆனது. சின்னப் பிள்ளை மாதிரி அதையே பத்துத் தடவை செய்து பார்த்தார்.

"அப்ப நான் போனே அடிக்க வேணாமா?" என்று கேட்டார் அம்மா.

"வேணாம்மா."

அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் சனிக்கிழமை பீடோங்கில் ஒரு பிறந்தநாள் விருந்து. குழந்தைக்கு ஒரு வயது. எண்பது பேருக்குச் சாப்பாடு. காலையிலேயே காஞ்சனா சமையல்கூடத்துக்கு வந்து டேப்லெட்டைச் சுவரில் மாட்டினாள்.

பிச்சையம்மாள் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்தில் அவர் வீடு. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதையில் இருபது நிமிடம் மிதித்து வருவார். ஐம்பத்தைந்து வயது. சோற்றை விரலால் தொடாமலே, ஆவியின் வாசனையை வைத்தே வெந்துவிட்டதென்று சொல்வார். காஞ்சனாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். கோழி வறுத்தால் முதல் துண்டு அவளுக்குத்தான் வரும்.

"பெரியம்மா, இதைப் பாருங்க!" தலைக்கு மேலே புகைவிசிறி கடகடவென்று ஓடியது. காஞ்சனா கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. "வட்டத்தத் தொட்டா கலர் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு! டிராஃபிக் லைட்டு மாதிரி! ஈசிதான் லா!"

"என்ன லைட்டு?"

"பச்சை! மஞ்சள்! சிவப்பு!"

பிச்சையம்மாள் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, சரியாத்தான் செஞ்சிருக்க. பச்சை, மஞ்சள், சிவப்பு. கெட்டிக்காரி!"

வாசலில் அம்மா வேனிலிருந்து கூப்பிட்டார். காஞ்சனா ஓடினாள். ஓடும்போதே தேவகிக்கும் கை காட்டிவிட்டுப் போனாள். தேவகி மோட்டோர் சைக்கிள் ஓட்டுபவள், டிராஃபிக் லைட்டு பழக்கம். அவளுக்கு விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

பதினொன்றரை மணிக்குப் பீடோங் மண்டபத்தில் பலூன்கள் எல்லாம் கட்டியாகிவிட்டது. அம்மா அவ்வளவு நேரமும் ஒரு போன்கூட அடிக்கவில்லை. அதற்காகவே காஞ்சனா அவரைப் பாராட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து திரையைப் பார்த்தார்கள்.

சோறு பச்சை. பருப்பு பச்சை. கோழி சிவப்பு.

"கோழிதான் இன்னும் ஆகல," என்றார் அம்மா. "பரவால்ல. அப்பா சோறையும் பருப்பையும் கொண்டாரட்டும். கோழிய ரெண்டாவது நடைல ஏத்திக்கலாம்."

அப்பா வந்தார். சட்டிகள் இறங்கின. விருந்தினர் வரிசையில் நின்று தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா பருப்புச் சட்டியின் மூடியைத் திறந்தார்.

மேலே தண்ணீர். கீழே பருப்பு. அம்மா ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். 'கறுக்' என்றது.

அம்மா உடனே போனை எடுத்துத் தேவகியைக் கூப்பிட்டார். "பருப்பு வேகவே இல்லையே தேவகி! கோழி எங்க?"

"கோழியா? கோழி ரெடியாகி அரைமணி நேரம் ஆச்சுக்கா! சிவநேசன் அண்ணன் ஏன் அதை விட்டுட்டுப் போனாருன்னு நாங்க பாத்துக்கிட்டிருக்கோம். பருப்பச் சட்டியோட காணோம்னு பெரியம்மா தேடுறாங்க!"

எண்பது பேர் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா கோழியை எடுக்கப் பறந்தார். அம்மா பக்கத்தில் 'மாமாக்' கடை எனப்படும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு ஓடி, இருந்த பருப்புக் கறியை எல்லாம் வாங்கி வந்தார். எல்லாம் ஒரு வழியாகப் பரிமாறி முடிப்பதற்குள் பிறந்தநாள் குழந்தை தூங்கிவிட்டது. கேக்கை அதன் அப்பாதான் வெட்டினார்.

திரும்பி வந்ததும் அம்மா நேரே சமையல்கூடத்துக்குள் போனார். காஞ்சனா பின்னாலேயே போனாள்.

"பருப்புக்கு யாரு பச்சை வச்சது?"

"நான்தான் வச்சேன்," என்றார் பிச்சையம்மாள். "அந்த அடுப்புல கேஸ் தீர்ந்துபோச்சு உமா. சட்டிய இறக்கி வாசப்பக்கம் மூடி வச்சேன். பலகைலயும் பச்சையத் தொட்டு வச்சேன்."

"கோழிக்கு?"

"சிவப்பு. சோத்துக்கு மட்டும் தேவகி வச்சா."

"என்னக்கா இது! பச்சை எது, சிவப்பு எதுன்னுகூடத் தெரியலையா? கண்ணு சரியாத் தெரியலன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா? மாமாக் கடைப் பருப்ப வாங்கிப் போட்டு மானமே போச்சு!"

புகைவிசிறி நின்றிருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

பிச்சையம்மாள் காஞ்சனாவைப் பார்த்தார். காஞ்சனா ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்போது தன் பலகையைப் பற்றித்தான் கவலை.

"நான்தான் காலைலயே சொன்னேனே பெரியம்மா," என்றாள். "டிராஃபிக் லைட்டு மாதிரின்னு."

பிச்சையம்மாள் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார். மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்க உமா. கண்ணு தெரியாதவளுக்கு அடுப்படில என்ன வேலை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சுங்கை பட்டாணியில் ஒரு நிச்சயதார்த்தம். நூற்றைம்பது பேர். ஆனால் காஞ்சனாவுக்கு அந்த நூற்றைம்பது பேர் பெரிதாகத் தெரியவில்லை. மடித்து வைத்த அந்தத் துணிதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. பெரியம்மா இனிமேல் வரவே மாட்டாரோ?

வீட்டுக்கு வந்து டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. பச்சையைத் தொட்டால் பச்சை. சிவப்பைத் தொட்டால் சிவப்பு. பெரியம்மாவுக்குக் கண் தெரியாது என்பதையும் அவளால் நம்ப முடியவில்லை. அரிசியில் கிடக்கும் கடுகளவு கல்லைப் பொறுக்கிப் போடுகிறவர் அவர். அந்தக் கண்ணுக்கு இவ்வளவு பெரிய வட்டமா தெரியாமல் போகும்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா வீட்டில் சமைக்க நின்றார். கோபம் இன்னும் அடங்கவில்லை. வெங்காயத்தை வெட்டிய வெட்டில் அது தெரிந்தது.

"காஞ்சனா, இங்க வந்து இதைக் கொஞ்சம் கிளறு. நான் தேவகிகிட்ட பேசிட்டு வரேன். நாளைக்கு என்னதான் செய்யப்போறோமோ. வெங்காயம் நல்லாச் சிவக்கட்டும். அப்புறம் இஞ்சி பூண்டப் போடு. பச்சை வாசம் போற வரைக்கும் விடாமக் கிளறு. பச்சையா இருக்கும்போதே இறக்கிடாத."

காஞ்சனா கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அம்மா! இப்ப என்ன சொன்னீங்க?"

"பச்சையா இருக்கும்போதே இறக்காதன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"வெங்காயம் சிவக்கட்டும்னேன். ஏன், காது அடைச்சிக்கிச்சா?"

"பச்சைன்னா வேகாதது," என்றாள் காஞ்சனா மெதுவாக. "சிவந்தா வெந்தது. அம்மா, பெரியம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது! பருப்பு வேகல, அதனால பச்சை வச்சாங்க. கோழி நல்லாச் சிவந்துருச்சு, அதனால சிவப்பு வச்சாங்க. அவங்க சரியாத்தான் வச்சாங்க!"

அம்மா அடுப்பை அணைத்தார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ," என்றார். "கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டேனே."

பத்தே நிமிடத்தில் மூன்று பேரும் வேனில் ஏறினார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதையில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போனது. வழி நெடுக ஒரு சமிக்ஞை விளக்குகூட இல்லை. காஞ்சனா அதை அன்றைக்குத்தான் கவனித்தாள். பெரியம்மாவுக்கு டிராஃபிக் லைட்டு என்றால் என்ன கவலை!

பிச்சையம்மாளின் வீட்டுக்குப் பத்தடி தள்ளி அம்மா வேனை நிறுத்தச் சொன்னார். ஆனால் இறங்கவில்லை.

"நீ முதல்ல போ. என் மூஞ்சியப் பாத்தா கதவச் சாத்திடுவாங்க."

காஞ்சனா இறங்கிப் போனாள். பிச்சையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கீரையைப் பார்த்தார்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"பச்சைன்னா என்ன?"

"இது என்ன கேள்வி? பச்சைன்னா பச்சைதான். வேகாதது."

"மஞ்சள்?"

"மஞ்சத்தூள் போட்டாச்சு, வெந்துக்கிட்டு இருக்கு. சிவந்துட்டா முடிஞ்சுது. நீ அந்தக் கணக்குலதானே பலகை செஞ்ச? பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வரிசையா நீ சொன்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? சின்னப் பிள்ளை, சமையல இவ்வளவு கவனிச்சு வச்சிருக்காளேன்னு." கீரையைக் கீழே வைத்தார். "சமையல் மட்டுமா? இந்தச் செம்பனைக் குலையப் பாரு. பச்சையா இருந்தா மரத்துலயே விட்டுருவோம். சிவந்தாத்தான் வெட்டுவோம். இருபது வருசம் பழம் பொறுக்கியிருக்கேன். எனக்கா சிவப்பு தெரியாது?"

காஞ்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா. என் பலகைக்குத்தான் சமையல் தெரியல. நான் ரோட்டப் பாத்துக் கலர் வச்சேன். நீங்க அடுப்பப் பாத்துக் கலர் வச்சீங்க. அம்மா திட்டினப்போ நான் என் பலகைக்காகப் பேசினேன். உங்களுக்காகப் பேசல. அது ரொம்பத் தப்பு."

பிச்சையம்மாள் கழுத்துத் துண்டின் நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"சரி விடு. பலகைக்குக் கத்துக்கொடுத்தாப் போச்சு."

"நாளைக்கு வருவீங்களா?"

"அதை நீ கேட்டா ஆச்சா? உங்க அம்மா கேக்கட்டும். வேனுக்குள்ள எவ்வளவு நேரம்தான் குனிஞ்சு உக்காந்திருப்பா? கழுத்து பிடிச்சுக்கப்போகுது."

அம்மா இறங்கி வந்தார். பெரிய மண்டபத்தையே அதட்டுகிறவர், படிக்குக் கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. கேக்காமக் கொள்ளாம வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மன்னிச்சிருங்கக்கா. நாளைக்கு நீங்க வரணும்."

"அது ரொம்ப வலிச்சுது உமா," என்றார் பிச்சையம்மாள்.

"தெரியும்க்கா."

"ம். தேத்தண்ணி குடிக்கிறியா?"

குடித்தார்கள். குடித்துக்கொண்டே காஞ்சனா ஒரு நோட்டைத் திறந்தாள். பழைய நிறங்களை அப்படியே தலைகீழாக மாற்றிவிடலாம் என்பது அவளுடைய முதல் யோசனை. சிவப்பு என்றால் ரெடி, பச்சை என்றால் வேகவில்லை.

"ஆளை விடு!" என்றார் அப்பா. "சிவப்பப் பாத்தா என் கால் தானா பிரேக்குக்குப் போகுது. பச்சையப் பாத்தா வண்டிய எடுத்துருவேன். பதினஞ்சு வருசப் பழக்கம்."

அதுவும் சரிதான். அப்பாவுக்குப் புரிந்தால் பெரியம்மாவுக்குப் புரியாது, பெரியம்மாவுக்குப் புரிந்தால் அப்பாவுக்குப் புரியாது. நிறத்தை மட்டும் நம்பினால் வேலைக்கு ஆகாது என்று காஞ்சனாவுக்குப் பட்டது. பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"பெரியம்மா, பலகையே இல்லாதப்போ ஒரு சட்டி முடிஞ்சுதுன்னு தேவகி அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"மூடி மேல கரண்டிய வச்சுருவேன்."

"ஏன்?"

"ஒரு சட்டிகிட்ட ரெண்டு பேரு நிப்போம். நான் உப்பு போட்டது தெரியாம அவளும் போட்டுட்டா? மூடி மேல கரண்டி இருந்தா உப்பு, புளி எல்லாம் பாத்தாச்சு, இனிமே யாரும் கை வைக்கக்கூடாதுன்னு அர்த்தம்."

"அது எனக்கும் தெரியுமே," என்றார் அப்பா. "கரண்டி இருந்தா நான் கேக்காமலே தூக்கிருவேன்."

காஞ்சனா பென்சிலை எடுத்தாள். வட்டங்களுக்குப் பதிலாக மூன்று சட்டிகள் வரைந்தாள். முதலாவது வெறும் சட்டி. இரண்டாவது சட்டிக்குக் கீழே தீ. மூன்றாவது சட்டியில் மூடி, மூடிமேல் கரண்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய எழுத்தில் 'இன்னும் வைக்கல', 'வேகுது', 'இறக்கியாச்சு' என்று எழுதினாள்.

"தீய இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு," என்றார் பிச்சையம்மாள். "இந்தத் தீயில தண்ணிகூடச் சுடாது."

"தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். அதனால கலரும் வேணும்," என்றாள் காஞ்சனா. "வெறும் சட்டிக்கு வெள்ளை. தீக்கு மஞ்சள்."

மஞ்சளில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை.

"கரண்டிக்கு நீலம் போடு," என்றார் பிச்சையம்மாள். "நம்ம சமையல்ல நீலமா எதுவுமே கிடையாது. குழப்பம் வராது."

"நாசி கெராபு நீலமா இருக்குமே அக்கா!" என்றார் அம்மா. கிளந்தான்காரர்களின் நீலச் சோறு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"நாளைக்கு நாசி கெராபா செய்யப்போறோம்?"

"இல்ல."

"அப்ப பேசாம இரு."

அம்மா பேசாமல் இருந்தார். அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் காஞ்சனா உட்கார்ந்து பலகையை மாற்றினாள். இந்தத் தடவை அவள் யாருக்கும் எதையும் கத்திக் கத்தி விளக்கவில்லை. மறுநாள் காலை புகைவிசிறியைப் போடுவதற்கு முன்னாலேயே பிச்சையம்மாளின் கையில் டேப்லெட்டைக் கொடுத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க பெரியம்மா. இது என்ன?"

"வேகுது."

"இது?"

"இறக்கியாச்சு. போ போ, எனக்கு வேலை இருக்கு." மேசைமேல் இருந்த துணியை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சுங்கை பட்டாணியில் கோயில் மண்டபம். நூற்றைம்பது நாற்காலிகள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பதினொன்றே கால் ஆனபோது சோற்றுக்கு நீலக் கரண்டி வந்தது. கோழிக்கும் வந்தது. பருப்புக்கு இன்னும் தீதான் எரிந்துகொண்டிருந்தது.

பதினொன்று இருபது. தீ.

பதினொன்று இருபத்தைந்து. அப்போதும் தீ.

அம்மாவின் விரல் போனை நோக்கிப் போனது. பாதி வழியில் காஞ்சனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேகுதும்மா. அவங்களுக்குத் தெரியும்."

அவளுக்கும் உள்ளுக்குள் படபடப்புதான். மறுபடியும் ஏதாவது தப்பானால் பெரியம்மா இந்தத் தடவை துணியை மேசைமேல் வைக்கமாட்டார், கையோடு எடுத்துக்கொண்டே போய்விடுவார்.

பதினொன்று முப்பதுக்குத் தீ மறைந்தது. மூடி வந்தது. மூடிமேல் நீலக் கரண்டி வந்தது.

"எடுத்தாச்சு," என்று அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. பத்து நிமிடம் முன்கூட்டியே சட்டிகள் மண்டபத்தில் இறங்கின. அம்மா பருப்புச் சட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி எழும்பியது. தாளித்த வாசனை அடுத்த மேசைவரைக்கும் போனது. அம்மா ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். காஞ்சனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பந்தி பாதி ஆனபோது பச்சைப் பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வேகமாக அவர்களை நோக்கி வந்தார். மணப்பெண்ணின் அத்தை, லோகேஸ்வரி.

"இந்தப் பருப்ப யாரு வச்சது?"

அம்மாவின் முகம் வெளிறியது. "ஏங்க, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? எங்க வீட்டுக்காரரு கோழியத் தள்ளி வச்சுட்டு மூணாவது தடவையாப் பருப்பு ஊத்திக்கிட்டு இருக்காரு! கல்யாணத்துக்கும் இதே பருப்புதான் வேணும், இதே கைதான் வைக்கணும். அதான் யாருன்னு கேக்குறேன். நீங்களா?"

அம்மா போனை எடுத்துச் சமையல்கூடத்துக்கு அடித்தார். பதறாமல் அவர் அடித்த முதல் போன் அதுதான். ஒலிபெருக்கியைப் போட்டு லோகேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

லோகேஸ்வரி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்டதைக்கூட விடவில்லை. அந்தப் பக்கம் தேவகி யாரையோ "சொல்லுங்க, சொல்லுங்க" என்று உசுப்புவது மட்டும் கேட்டது.

"வச்சது நான்தான்," என்றது போன். "என் பேரு பிச்சையம்மாள். எழுதிக்குங்க."